முகத்துவாரம் திறந்திருக்கட்டும்

கண்ணு,

உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்று உன் அம்மா சொன்ன நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. உன் ஆயாவுக்குத் தங்கை நான். பசியாவரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்வாடி டீச்சராக இருந்தேன். பழவேற்காட்டு ஏரி சூழ்ந்த இந்த ஊரில் அம்மாவும் பிள்ளையுமாக இரண்டு தலைமுறை என் மடியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது. ஆனால் ஊர்ப் பிள்ளைகளிடம் இருந்த பொறுமை என் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளிடமும் எனக்கு இருக்கவில்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி அப்படிப் பட்டுத் தெரிந்தது. மீதி, சுனாமிக்குப் பிறகு நடந்த பயிற்சிகளில் கேட்டதும், அதனால் வந்த ஆர்வத்தில் நானே தேடிப் படித்ததும்.

எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, மருந்து உரைப்பது எல்லாம் உன் மாமியார் சொல்லித் தருவார். நான் பிள்ளையின் மனசைப் பற்றிச் சொல்கிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் படி.

1. அழுகையை நம்பு. "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பார்கள். பாலுக்கு மட்டும்தான் பிள்ளை அழும் என்று நானும் நினைத்திருந்தேன். மூத்தவனுக்கு நாலு மாதம் இருக்கும். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, அப்படியும் அழுகை நிற்கவில்லை. "தூக்கித் தூக்கிப் பழக்கினா இடுப்ப விட்டு எறங்காது" என்று யாரோ சொல்ல, தூளியில் போட்டுவிட்டு மீன் ஆய உட்கார்ந்துவிட்டேன். அழுது அழுது ஓய்ந்து தூங்கிப்போனான். நாலைந்து நாளில் அழுகையே குறைந்தது. பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதற்கு அவன் பழகியிருந்தான். அது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் என்று இரண்டு பெண்கள் 26 குழந்தைகளை அவரவர் வீட்டுக்கே போய் முதல் ஒரு வருஷம் கவனித்து, 1972-ல் எழுதினார்கள். அழுதவுடன் அம்மா வந்து எடுத்த குழந்தைகள் ஒரு வயசு நெருங்கும்போது குறைவாகத்தான் அழுதன. எடுத்தால் கெட்டுப்போகும் என்ற பயத்தை நீ விட்டுவிடு. முதல் வருஷத்தில் பிள்ளையை எத்தனை தடவை தூக்கினாலும் தப்பில்லை.

2. சொல்லாமல் போகாதே. பாலம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், விடிவதற்கு முன்னால் படகேறினால்தான் பழவேற்காட்டில் ஏலத்தைப் பிடிக்கலாம். பால்வாடி வேலை கிடைப்பதற்கு முன்னால் நான் இறால் கூடையோடு போய்க்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு இரண்டு வயசு. முழித்திருந்தால் அழுவாள் என்று, அவள் கண் அசந்த நேரம் பார்த்து நழுவிவிடுவேன். சில சமயம் "தோ, முட்டாய் வாங்கினு வந்துடறேன்" என்று பொய் சொல்வேன். கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். அவள் தூங்கும்போது என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். நான் அசைந்தால் முடிச்சு இறுகும், உடனே முழித்துக்கொள்வாள். தூக்கத்திலும் அந்தச் சின்ன விரல்கள் எனக்குக் காவல் இருந்தன.

பிறகுதான் மாற்றிக்கொண்டேன். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போனேன். "ஆயா சோறு வடிக்கச்சொல்ல அம்மா வந்துடுவேன்." அழுதாள், அழட்டும். ஆனால் சோறு வடிக்கும் நேரத்துக்கு நான் வந்து நின்றேன். பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. சோறு வடிப்பது தெரியும், மாடு திரும்புவது தெரியும். அதை வைத்துச் சொல். சொன்ன நேரத்துக்கு வர முடியாத நாளும் வரும், அன்றைக்கு வந்ததும் அதையும் சொல். நான் போகும்போது உடுத்திக் களைந்த சேலை ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். துவைக்காத சேலை, என் வேர்வையும் மீன் வாசனையும் அதிலேயே இருக்கும். முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள் என்று என் மாமியார் சொல்வார். டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953-ல் இதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று பின்னாளில் படித்தபோது கண் கலங்கிவிட்டது. குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் பழந்துணி வெறும் துணி அல்ல, அம்மா இல்லாத நேரத்தைக் கடக்க அது தானே கண்டுபிடித்த துணை என்கிறார். அந்தத் துணியைப் பிடுங்காதே, கேலி செய்யாதே, கேட்காமல் துவைக்கவும் செய்யாதே.

3. ஆயாவிடம் விட்டுப் போவதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். நம் குப்பங்களில் எந்தப் பிள்ளையும் அம்மா ஒருத்தியிடம் மட்டும் வளர்ந்ததில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்காமல், தெரிந்த இரண்டு மூன்று முகம் நிலையாக இருந்தால் போதும்.

4. உன் பிள்ளையைப் பற்றிப் பேசத் தெரிந்துகொள். பால்வாடியில் மாதம் தவறாமல் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பேன். யார் பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்தப் பிள்ளை எதற்குச் சிரிக்கும், எதற்கு மிரளும் என்று ஒரு நாளும் கேட்டு எழுதியதில்லை. மேரி ஐன்ஸ்வொர்த்தை மேலே சொன்னேன் அல்லவா? அவர் பால்டிமோருக்குப் போவதற்கு முன்னால், 1954-லும் 55-லும், ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் கம்பாலா நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் 26 குடும்பங்களில் 28 குழந்தைகளைக் கவனித்தார். வயல் வேலைக்குப் போகும் அம்மாக்கள், ஒத்தாசைக்குச் சுற்றம், கிட்டத்தட்ட நம் வீடுகள்தான். எந்தக் குழந்தைகள் அம்மாவை நம்பித் தைரியமாகத் தவழ்ந்து போய் விளையாடின என்று பார்த்தபோது, தன் குழந்தையைப் பற்றிச் சின்னச் சின்ன விவரம்கூட ஆசையாகச் சொல்லத் தெரிந்த அம்மாக்களின் குழந்தைகள் அப்படி இருந்தன.

இதைப் படித்த பிறகு எடை பார்க்கும்போதே கேட்க ஆரம்பித்தேன். "இவன் எதுக்கும்மா பயப்படுவான்?" ஒருத்தி சட்டென்று சொன்னாள்: "மோட்டார் சத்தம் ஆவாது டீச்சர். துடுப்புப் போட்டா சிரிப்பான், இன்ஜின் போட்டா என் வயித்துல மூஞ்சியப் பொதச்சிக்குவான்." இன்னொருத்தி, "புள்ளைங்கன்னா அழும், சிரிக்கும், வேற இன்னா" என்றாள். அவளும் நல்லவள்தான், பிள்ளைக்கு உழைத்தவள்தான். நின்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. நீ நேரம் உண்டாக்கிக்கொள். ராத்திரி மாப்பிள்ளை வலைக்குப் புறப்படும் முன்னால், அன்றைக்குப் பிள்ளை செய்த ஒன்றை அவருக்குச் சொல். அவரையும் ஒன்று சொல்லச் சொல்.

5. முகத்தை மூடிக்கொள்ளாதே. நம் ஏரிக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையைக் கேள், முகத்துவாரத்தில் என்பார். மழைக்காலத்தில் ஆரணியாறு நல்ல தண்ணீரைக் கொண்டுவரும், முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். கடலில் பிறந்த இறால் குஞ்சு அந்த வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடியும் கடலுக்குப் போகும். மணல் தள்ளி முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் கிடந்தும் பிரயோஜனம் இல்லை. வெயிலில் உப்பு ஏறிக்கொண்டே போகும், வலை வெறுமையாக வரும். அம்மாவின் முகமும் பிள்ளைக்கு அப்படி ஒரு வாசல். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். அம்மா குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு ஓரிரு நிமிஷம், குழந்தையைப் பார்த்தபடியே முகத்தைக் கல்போல வைத்துக்கொள்கிறாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, விட்டுப் போகவும் இல்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. ஒன்றும் பலிக்காமல் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடுகிறது.

பால் கொடுக்கும்போது செல்போனைத் தள்ளி வை, கண்ணு. மற்ற நேரம் பார்த்துக்கொள். பால் குடிக்கிற பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது உன் கண் அங்கே இருக்கட்டும்.

6. பயத்தை அதட்டாதே. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி நம் கடலோரக் குப்பங்களிலும் புகுந்தது உனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், நாலு வயசு, அன்றைக்குக் கடலோரத்தில் அவன் ஆயா வீட்டில் இருந்தான். யாரோ தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியவன் அதற்குப் பிறகு படகில் கால் வைக்கவில்லை. படகைப் பார்த்தாலே உடம்பு விறைத்துவிடும். படகு இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாத காலம் அது. எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன்: "ஒண்ணுமில்லடா, மீன்காரன் புள்ள பயப்படலாமா?" சொல்லச் சொல்ல அவன் பேச்சே குறைந்துபோனது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் அப்போது தமிழகக் கடலோரத்தில் வேலை செய்தார்கள், ஊழியர்களுக்குப் பயிற்சியும் தந்தார்கள். நடந்ததை மறக்கச் சொல்லாமல் பேசவும் வரையவும் விளையாடவும் பிள்ளைகளை விட வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் நாங்கள் கற்றுக்கொண்டது. ஆனால் எனக்கு உண்மையில் பாடம் எடுத்தவர் அந்தப் பையனின் அப்பா. ஏரியில் வலை போடுகிறவர், அதிகம் பேசாதவர், பள்ளிக்கூடம் போகாதவர். ஒரு சாயங்காலம் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். படகிலிருந்து இருபதடி தள்ளி உட்கார்ந்தார். "எனக்குங்கூட அன்னிக்கு நெஞ்சு பதறிச்சுடா நைனா. ஒன்ன பார்க்கற வரிக்கும் கையி நடுங்கினே இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பையன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். அவர் வலையைச் சரிபார்ப்பார், பையன் மணலில் கிளிஞ்சல் பொறுக்குவான். வா என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. பத்தடி ஆனது, ஐந்தடி ஆனது. ஒரு நாள் பையனே எழுந்து போய்ப் படகின் விளிம்பில் ஒரு விரலை வைத்தான். வைத்துவிட்டு ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவர் அன்றைக்கும் கைதட்டவில்லை, "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். பூநாரைகள் திரும்பிப் போய், வெயில் காலம் வந்து, அப்புறம்தான் பையன் படகேறினான், அதுவும் அப்பாவின் இரண்டு முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு.

நாங்கள் எல்லோரும் அவனுடைய பயத்தோடு சண்டை போட்டோம். அவர் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறர் மனசில் இருப்பதைத் தன் மனசில் வாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தக் கரையைத்தான் நான் காட்டுவேன்.

7. ஆண் பிள்ளையையும் அழவிடு. "பொம்பளப் புள்ள மாதிரி அழாத" என்ற வார்த்தை உன் வீட்டில் வேண்டாம். அழ இடம் கிடைக்காத பையன்கள் பெரியவர்களாகி என்ன ஆகிறார்கள் என்று நம் குப்பத்துச் சாயங்காலங்களில் நீயே பார்த்திருக்கிறாய்.

8. பயமுறுத்தி வளர்த்தால் காயத்தை மறைப்பான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நானும் சொன்னவள். மூத்தவன் ஐந்து வயசில் தனியாகப் படகில் ஏறி, கயிற்றை அவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தான். பார்த்த பயத்தில் எனக்கு உயிர் போய்விட்டது. இழுத்துப்போட்டு, ஊர் பார்க்க, கை ஓயும்வரை அடித்தேன். என் பயம் அவனுக்குத் தெரியவில்லை, என் கை மட்டும்தான் தெரிந்தது. அதன் பிறகும் எதற்கெடுத்தாலும் அடிதான். பன்னிரண்டு வயசில் சிப்பி ஓடு அவன் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. போகக் கூடாது என்று நான் சொன்ன இடத்துக்குப் போயிருந்தான். அதனால் மூன்று நாள் சொல்லவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டுவது தெரியாமல் என் எதிரில் நேராக நடந்தான். நாலாம் நாள் காய்ச்சலில் விழுந்தபோதுதான் காலைப் பார்த்தேன். ராத்திரியில் படகில் போட்டு அக்கரைக்குக் கொண்டு போனோம். என் மடியில் தலை வைத்துக்கொண்டு, அந்தக் காய்ச்சலிலும், "அடிக்காதம்மா" என்றான்.

அவன் பிழைத்தான், கால் ஆறியது. நான் சொல்ல வருவது வேறு. ஆபத்தில் ஓடிவர வேண்டிய இடமே அவனுக்குப் பயமாகிவிட்டது. கரையே அலையாக எழுந்தால் பிள்ளை எங்கே போகும்? அடிக்கக் கை எழும்போது உன் பயத்தை வாயால் சொல்லிவிடு. "நீ தண்ணில வுழுந்துடுவியோன்னு பயந்துட்டேன்டா" என்று சொல். கண்டிப்பும் வேண்டும்தான்; படகுப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்றால் கூடாதுதான். அதைக் கையைப் பிடித்துக்கொண்டும் சொல்லலாம்.

9. பாசத்தை ஒளித்து வைக்காதே. பெத்தவ கண்ணே படும் என்று நம் பெரியவர்கள் பிள்ளையை ஆசையாகப் பார்ப்பதற்கே பயந்தார்கள். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்கப் பெண்மணி தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, நம் அன்பைப் பற்றி 1990-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அன்பை அடக்கியும் மறைத்தும் வைப்பது நம் வழக்கம் என்று அதில் சொல்கிறார். உண்மைதான். என் அப்பா என்னை மெச்சிப் பேசியது அவர் இறந்த பிறகு அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ கன்னத்தில் கறுப்புப் பொட்டு வை, சுற்றிப் போடு, எல்லாம் செய். செய்துவிட்டுப் பிள்ளையைக் கண் நிறையப் பார்.

10. தவறிவிட்டால் திரும்பி வா. இவ்வளவும் படித்துவிட்டு, நம்மால் ஆகுமா என்று மலைத்துப் போகாதே. எந்த அம்மாவாலும் எந்நேரமும் பிள்ளையின் மனசு அறிந்து நடக்க முடியாது. அந்த டிரானிக்கே சொல்கிறார்: நல்ல அம்மாவும் பிள்ளையும்கூடப் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒத்துப்போகாமல்தான் இருக்கிறார்கள். பிசகியதைச் சேர்ந்து சரிசெய்துகொள்கிறார்களே, பிள்ளையின் நம்பிக்கை அதில்தான் வளர்கிறது. நம் ஆட்களுக்கு இது புதுசு இல்லை. ஏரிக்குப் போன வலை கிழியாமல் வராது. நண்டு கடிக்கும், கட்டை மாட்டும். மத்தியானம் ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். திட்டிவிட்டாயா? கோபம் இறங்கியதும் போய் உட்கார்ந்து, "அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா?" என்று கேள். மரியாதை குறையாது.

நான் அதைச் செய்ய நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டேன். போன தை மாதம் மூத்தவன் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. திண்ணையில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்தச் சிப்பி ஓடு கிழிச்சுதே, அப்ப நீ என்கிட்ட வந்து சொல்ற மாதிரி நான் இல்லடா. என் தப்பு" என்றேன். அவன் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த நூலக் கொஞ்சம் கோத்துக் குடும்மா, கண்ணு தெரியல" என்றான். எனக்கும் தெரியவில்லை. இருவருமாக வெளிச்சத்தில் பிடித்துக் கோத்தோம்.

11. உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, பிள்ளை முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போனாலோ, நீ கெட்ட அம்மா என்று நினைத்துவிடாதே. அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு. வேலூர் மருத்துவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள்: பிரசவத்துக்குப் பிறகு 100-க்கு 11 பெண்களுக்கு இந்த மனச்சோர்வு வந்திருந்தது. கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கும், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கும், மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம் உள்ளவர்களுக்கும் அதிகமாக வந்தது. மாப்பிள்ளை, இது உங்களுக்கு. தண்ணீர் எடுத்து வையுங்கள், ராத்திரியில் ஒரு வேளையாவது பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள், பெண் பிறந்தால் யார் என்ன பேசினாலும் முதலில் வாயைத் திறந்து சந்தோஷம் என்று சொல்லுங்கள். அவள் அழுதால் "இன்னாத்துக்கு அழுவுற" என்று கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கண்ணு, வளைகாப்புக்கு முதல் நாளே கோட்டைக்குப்பத்துக்கு வந்துவிடுவேன். தூளி கட்ட என் பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். இப்போது இதை எழுதி முடிக்கும்போது வேறு யோசனை வந்துவிட்டது. அதை அடியில் விரிக்க வைத்துக்கொள். தூளிக்கு உன் சேலையிலேயே ஒன்றைக் கட்டு. இன்றிலிருந்தே அதை உடுத்திக்கொள். நான் வரும்வரை துவைக்காதே.